தட்டினால் ஓடும் வைப்பர்

தில்ருக்‌ஷியின் மேசைமேல் அந்த மோட்டார் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் தொல்லை. மெர்வின் பாஸின் கராஜுக்கு ஆட்கள் கொண்டுவருவது ஓடாத சாமான்களை. பின்பக்கத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து அவற்றை ஓடவைப்பது அவள் வேலை. இதுவோ சமர்த்தாக ஓடியது. எப்போது நிற்கும் என்று அவள் பார்த்திருந்தாள்.

மேசைக்கு எதிரே, ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிப்போட்ட சீட்டில் விஜேபால உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் தேயிலைக் கம்பெனியின் பச்சைச் சின்னம். வேலைக்குப் புறப்பட்ட ஆள் போல இருந்தார். ஆனால் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருந்தார்கள்.

"நின்னுச்சா, தங்கச்சி?"

"எங்க நிக்குது? உங்கள மாதிரியே பிடிவாதம் பிடிக்குது, அண்ணே."

"நான் எங்க பிடிவாதம் பிடிச்சேன்? நிப்பாட்டினாங்க, நின்னுட்டேன்."

மழை ஒரு சீராகப் பெய்தது. இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு அவசரமே கிடையாது. முற்றத்தில், முன்பக்கம் தட்டி நிமிர்த்திய வெள்ளைக் கார் ஒன்று நனைந்துகொண்டிருந்தது. அதன் வைப்பர் மோட்டார்தான் மேசைமேல் இருந்தது. போன வாரம் குருவிட்ட தாண்டி இறக்கத்து வளைவில், கொட்டுகிற மழையில், வைப்பர் பாதியில் நின்றுபோனது. கண்ணாடி வெள்ளைத் துணி போட்டு மூடினாற்போல் ஆனது. விஜேபால பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு போய்ச் செவ்விளநீர்க் கடையொன்றின் மேசையை இடித்துத் தள்ளி, வாய்க்காலில் இறங்கியது. கடைக்காரி அந்த நேரம் பின்னால் குலை வெட்டிக்கொண்டிருந்ததால் தப்பினாள். பின்சீட்டில் இருந்த கம்பெனித் தலைவருக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டது.

கம்பெனியின் வேலைத்தளத்தில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். வைப்பர் ஓடியது. திரும்பத் திரும்பப் போட்டார்கள். திரும்பத் திரும்ப ஓடியது. அப்படியானால் டிரைவர் தூங்கியிருக்கவேண்டும், அல்லது போன் பார்த்திருக்கவேண்டும் என்று ஆயிற்று. நாளைக்கு விசாரணை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து விஜேபால அந்தக் கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறார். வேலை போனால், தொழிற்சாலைக்குப் பின்னால் கம்பெனி கொடுத்திருக்கிற வீட்டையும் விடவேண்டும். பகலுக்கு மேல் போக்குவரத்துப் பொறுப்பாளர் லியனகே காரை எடுக்க வருவார். அதற்கு முன்னால் இந்த மோட்டார் ஒரேயொரு தரம் நின்று காட்டவேண்டும்.

மெர்வின் பாஸ் கையில் பிளேன்டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஓடுற மோட்டார முன்னால வச்சிக்கிட்டு பூசையா பண்றே? மூடிப் போட்டு பூட்டு, தங்கச்சி. அவங்க கேட்டது நசுங்கினத நிமித்துற பொடி வேல மட்டும்தான்."

"கொஞ்சம் பொறுங்க பாஸ். இது பொய் சொல்லுது."

"மோட்டார் பொய் சொல்லாது. டிரைவருங்கதான் சொல்வாங்க," என்று சொல்லிவிட்டு விஜேபாலவைப் பார்த்துச் சிரித்தார். "கோவிச்சுக்காதே, விஜே. பிளேன்டீ குடி."

வைப்பர் மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் தில்ருக்‌ஷிக்குப் பசி தாகம் மறந்துவிடும். விஜேபால கேட்கவில்லை, அவளே சொன்னாள். உள்ளே ஒரு சின்ன மோட்டார் கண்மண் தெரியாமல் சுற்றும். அதன் நுனியில் திருகாணி போன்ற ஒரு பல். அது பெரிய பிளாஸ்டிக் சக்கரத்தை மெதுவாகச் சுற்றும். வேகம் குறையக் குறைய பலம் கூடும். அந்தப் பலம்தான் கண்ணாடியில் மழையைத் தள்ளுகிறது. மூடியின் உள்பக்கம், தீப்பெட்டி அளவில் ஒரு போர்ட். எப்போது ஓடுவது, எவ்வளவு வேகம், எங்கே நிற்பது எல்லாம் அதன் பொறுப்பு.

"சுவிட்ச நிப்பாட்டினா வைப்பர் பாதியில நிக்காது தெரியுமா, அண்ணே? கீழ வந்து படுத்துட்டுத்தான் நிக்கும். அந்தப் போர்ட் விடாது. அன்னிக்கு எங்க நின்னுச்சு?"

விஜேபால தம் கையை மடக்கி, முன்கையை நேராக மேலே நிறுத்திக் காட்டினார். "இப்படி. நட்டநடுக் கண்ணாடியில. வாய்க்கால்ல கெடந்தப்பவும் இப்படித்தான் நின்னுச்சு."

"அப்ப நீங்க நிப்பாட்டல. சுவிட்சும் கெடல. கெட்டிருந்தா கீழ வந்து படுத்திருக்கும். ஃபியூஸ் நல்லாயிருக்கு. வயர பாத்துட்டேன். அப்ப இந்த மூடிக்குள்ளதான்." அவள் கண்கள் மின்னின. "ஓடிக்கிட்டிருக்கையில ஒரு நொடியில கரண்ட் அறுந்திருக்கு. ஏன்? அறுந்தது ஏன் திரும்ப ஒட்டிச்சு?"

ஒரு காலத்தில் பியகம வர்த்தக வலயத்துத் தொழிற்சாலை ஒன்றில், இதுபோன்ற போர்டுகளுக்கு ஈயம் வைக்கிற வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டு ஓடர் குறைந்த வருடம் அந்த வரிசையையே மூடினார்கள். அங்கே ஒவ்வொரு போர்டிலும் அதற்கு ஈயம் வைத்தவளின் இலக்கம் இருக்கும். பழுதென்று திரும்பி வந்தால் அந்த இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். வரிசை எவ்வளவு வேகமாக ஓடியது என்று யாரும் கேட்டதில்லை.

அவள் ஒரு துணியை மடித்து, சுற்றிக்கொண்டிருந்த தண்டை இறுக்கிப் பிடித்தாள். மோட்டாரின் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கியது.

"கேட்டீங்களா? வெறுங்கையோட நடக்கிறவனுக்கு மூச்சு வாங்குமா? நான் காலையிலயிருந்து இத வெறுங்கையோட நடக்க விட்டிருக்கேன்."

கராஜின் மூலையில் பழைய முன்கண்ணாடி ஒன்று சாய்ந்துகிடந்தது. இருவரும் அதைத் தூக்கிவந்து சுவரோடு நிறுத்தினார்கள். மோட்டாரை மேசை விளிம்பில் இறுக்கி, வைப்பர் கையை மாட்டி, ரப்பரைக் காய்ந்த கண்ணாடிமேல் படியவிட்டார்கள். காய்ந்த கண்ணாடியில் இழுவை அதிகம். ரப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு போய்வந்தது. முற்றத்தில் நின்ற பூனை எழுந்து போய்விட்டது. மோட்டார் சூடானது. ஆனாலும் ஓடியது.

"இன்னும் என்னா குறையுது?" என்று அவள் தனக்குத்தானே கேட்டாள். பிறகு விஜேபாலவிடம், "அன்னிக்கு எங்கயிருந்து வந்தீங்க?"

"கொழும்பிலயிருந்து. அவிசாவளையில ஒரே நெரிசல். எஞ்சின் நல்லா கொதிச்சுப்போயிதான் இருந்திச்சு."

"அதுதான்! பொனட்டுக்குள்ள அனல். நான் இத நெழல்ல வச்சு விசிறி போட்டுக்கிட்டு இருக்கேன்."

பக்கத்துக் கடை நிமேஷாவின் சலூன். தில்ருக்‌ஷி மழையில் ஓடிப்போய், தலைமுடி காயவைக்கிற டிரையரைக் கேட்டாள்.

"என்னக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"ஒரு மோட்டாருக்கு."

"எண்ணெய்க் கையோட தொட்டுறாதீங்க. போன தடவ குடுத்து, ஒரு நோனாவோட தலையெல்லாம் கிரீஸ் வாசம்!"

போர்ட் தெரியும்படி ஒரு பக்கம் திறந்து வைத்திருந்த மூடிமேல் டிரையரின் சூட்டுக் காற்றைப் பிடித்தாள். ரப்பர் வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது. விஜேபால சீட்டின் விளிம்புக்கு நகர்ந்திருந்தார். அவருடைய தேநீர் ஆறிப்போயிருந்தது. மறுபடி வலப்பக்கம் புறப்பட்ட வைப்பர், கண்ணாடியின் நட்டநடுவில், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நின்றது.

"தொடாதீங்க!" தில்ருக்‌ஷி மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள். "மேசையத் தொடாதீங்க. அசைஞ்சா ஒட்டிக்கும்."

திருடனைத் தூங்கும்போது பிடிக்கிறவள்போல் மீட்டரை எடுத்தாள். அதன் கறுப்பு நுனியைப் பெட்டரியின் எதிர்மின் முனையில் செருகினாள். சிவப்பு நுனியை, கரண்ட் திரும்பிப் போகிற பாதையில் ஒவ்வோர் இடமாக வைத்தாள். திரும்பிப் போகிற பாதையில் எதுவும் காட்டக்கூடாது. வயரில் எதுவுமில்லை. வயர் வந்து சேர்கிற பித்தளை முள்ளில் எதுவுமில்லை. முள்ளைச் சுற்றி ஈயம் இருந்தது. ஈயத்துக்கு அந்தப் பக்கம், போர்டின் செப்புக் கோடு. அங்கே வைத்தாள். மீட்டர் பெட்டரியின் முழுப் பலத்தையும் காட்டியது.

"இங்க ஒண்ணுமில்ல. இங்க பன்னிரண்டு வோல்ட். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க, அண்ணே. ஒரு எள்ளு!"

பெரிதாகக் காட்டும் கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள். விஜேபால மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். பித்தளை முள்ளைச் சுற்றி, ஈயத்தில், மயிரிழை போல ஒரு கறுப்பு வட்டம். ஆடும் பல்லைச் சுற்றி ஈறு விட்டிருப்பதுபோல.

"வெடிப்பு. சூடு ஏறினா விரியும், ஆறினா மூடிக்கும். அதனாலதான் அவங்க பாக்கிறப்பல்லாம் ஓடுது. இந்த முள்ளு தடிப்பம். சூட்ட உறிஞ்சிடும். ஈயம் வைக்கிறவ இதில மட்டும் கொஞ்சம் கூட நேரம் சூட்டுக்கோல வச்சிருக்கணும். அவளுக்கு நேரம் குடுத்திருக்க மாட்டாங்க."

"இதாலயா?"

"இதாலதான்."

விஜேபால நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தம் துணிப்பையைத் துழாவி ஒரு சிறிய இரும்புக் கம்பியை எடுத்தார். ஒரு நுனியில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. யோசிக்காமல், மோட்டார் மூடியின் இடது மூலையில் அதால் ஒரு தட்டுத் தட்டினார். வைப்பர் விட்ட இடத்திலிருந்து புறப்பட்டது.

தில்ருக்‌ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூலையில் பொட்டுப் பொட்டாக இருந்த பள்ளங்களைக் காலையிலேயே பார்த்து, என்னவென்று விளங்காமல் தடவிப் பார்த்திருந்தாள். "இது உங்க வேலதானா!"

"எல்லாரும் செய்றதுதானே, தங்கச்சி. இந்த ரோட்டுல எந்த டிரைவர்கிட்டயும் ஒரு கம்பி இருக்கும். ஒருத்தனுக்கு ஸ்டார்ட்டர், ஒருத்தனுக்கு ஹோர்ன், எனக்கு வைப்பர். மழை தொடங்கின மாசமே லியனகே சேர்கிட்ட சொன்னேன். 'கப்பல்ல சாமான் வர்றதில்ல, விஜே, பஞ்சிகாவத்தைக் கடைகள்ல பழசுகூட இல்ல, தட்டி ஓட்டு'ன்னாரு. தட்டி ஓட்டினேன். ரப்பர்கூட நானே சுத்தினேன், மூடி காயப்படக் கூடாதுன்னு. அன்னிக்கு இறக்கம். எறங்கித் தட்ட எங்க நேரம்?"

"அவங்ககிட்ட இதச் சொன்னீங்களா? தட்டினா ஓடும்னு?"

"இல்ல. என்னமோ மாதிரி இருந்திச்சு."

"என்ன அண்ணே நீங்க! அதுதான் சாட்சி. வெடிப்பு இருந்தாத்தான் தட்டினா ஓடும். கட்டாயம் சொல்லணும்."

லியனகே வந்தபோது மழை இன்னும் கனத்திருந்தது. கூடவே வெள்ளைச் சட்டையில் இளைஞன் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு வந்தான், புது டிரைவர். விஜேபால எழுந்து நின்றார். லியனகே அவர் தோளைத் தட்டி, "வீட்டுல சுகமா, விஜே?" என்று கேட்டார். மெர்வின் பாஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லியனகே அதில் உட்காரவில்லை. மேசைமேல் பரப்பியிருந்த மோட்டாரையும் சுவரோரக் கண்ணாடியையும் டிரையரையும் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"என்னா இது, கண்காட்சியா?"

தில்ருக்‌ஷி காட்டினாள். டிரையரைப் பிடித்தாள், எல்லோரும் காத்திருந்தார்கள், வைப்பர் நடுவில் நின்றது. மீட்டரை வைத்தாள். லியனகே காற்சட்டை முழங்காலைப் பற்றிக் கவலைப்படாமல் சீமெந்துத் தரையில் மண்டியிட்டு, அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். சூட்டில் ஏன் விரிகிறது என்று கேட்டார். ஈயத்தை விடப் பித்தளை வேறு அளவில் விரியும் என்று அவள் சொன்னதும், "ஆ, அதனால ஒண்ண ஒண்ணு இழுக்குது," என்று தாமே முடித்தார். தன் பேச்சைக் கேட்கத் தெரிந்த ஆள் கிடைத்த மகிழ்ச்சி தில்ருக்‌ஷியின் குரலில் ஏறியது.

"அப்ப விஜே சொன்னது உண்மதான். வைப்பர் தானா நின்னிருக்கு," என்றார் லியனகே.

விஜேபால சட்டையின் கீழ்நுனியை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

லியனகேயின் விரல் மூடியின் மூலையில் நின்றது. "இது என்னா, அம்மை போட்ட மாதிரி?"

"அது தட்டின தடம், சேர்," என்றாள் தில்ருக்‌ஷி. "தட்டினா ஓடும். பாருங்க." அவளே கம்பியை எடுத்துத் தட்டினாள். வைப்பர் புறப்பட்டது. "அதிர்ச்சியில வெடிப்போட ரெண்டு கரையும் ஒண்ணோடொண்ணு உரசிப் பிடிச்சுக்கும். பாலம் மாதிரி. கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்."

"கொஞ்ச நேரத்துக்கு."

"ஆமா, சேர்."

"அப்ப தட்டத் தட்ட?"

"தட்டத் தட்ட கரை தேயும். வெடிப்பு அரைவட்டமா இருந்தது முழுவட்டமா ஆகும். ஒவ்வொரு தட்டும் இப்ப ஒட்டும், ஆனா பின்னால இன்னும் சீக்கிரமா…"

இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், பிரித்த விரல்களோடு நின்றாள்.

லியனகே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அப்ப இது நிக்கும்னு விஜேவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் தலைவர ஏத்திக்கிட்டு மழையில போயிருக்காரு."

"சேர்தானே சொன்னீங்க," என்றார் விஜேபால. மெதுவாகத்தான் சொன்னார். "தட்டி ஓட்டுன்னு."

லியனகே முற்றத்து மழையைப் பார்த்தார். புது டிரைவர் குடையை மடிப்பதில் மும்முரமானார்.

"அது பேச்சுக்குச் சொன்னது, விஜே. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பேச்சுக்குச் சொன்னத விசாரணையில எடுத்து வைக்க ஏலுமா? வைப்பர் நின்னத நானே சொல்றேன், பாத்தேன்தானே. தூங்கல, போன் பாக்கல, அதெல்லாம் சொல்றேன். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணு கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் வச்சிருக்கணும்."

"சேர், தட்டாட்டியும் அது வெடிச்சேதான் இருக்கும்," என்றாள் தில்ருக்‌ஷி. "ஈயம் வைக்கையிலயே சரியா வைக்கல. தட்டினதால இல்ல. தட்டாம விட்டிருந்தா முன்னாலயே ஒரு நாள்…"

"விளங்குது, தங்கச்சி. நல்லாவே விளங்குது." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. "இப்ப ஈயத்த வையுங்க. தலைவர் பின்னேரம் டாக்டர்கிட்ட போகணும்."

"நாளைக்கு விசாரணை முடிஞ்சப்புறம் வைக்கட்டுமா? இத இப்படியே கொண்டுபோய்க் காட்டினா…"

"தங்கச்சி," என்றார் மெர்வின் பாஸ். அந்தக் கம்பெனியின் லொறிகள் முழுவதும் அவருடைய கராஜுக்குத்தான் வருகின்றன.

விஜேபாலதான் சொன்னார். "வைங்க. மழையில போற கார்."

சூட்டுக்கோல் சூடேறியது. பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தாள். முள்ளையும் செப்பையும் பளபளவென்று சுரண்டினாள். ஈயம் பிடிக்க மெழுகு தொட்டாள். கோலை முள்மேல் வைத்து, முள் முழுவதும் சூடேறும்வரை எடுக்காமல் இருந்தாள். பியகமவில் இப்படி வைத்திருந்தால் மேற்பார்வையாளர் வந்து தலைக்குமேல் நிற்பார். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. புது ஈயம் தானாக உருகி, முள்ளைச் சுற்றி வழிந்து, பூவிதழ்போல் படிந்து மின்னியது. வேறு மாதிரி வைக்க அவளுக்குத் தெரியாது.

மூடியைப் பூட்டுமுன் மறுபடி ஓடவிட்டாள். டிரையரைப் பிடித்தாள். மூடி கை சுடுகிற அளவு சூடாகும்வரை பிடித்தாள். வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு போய்வந்தது. ஒரு தரமாவது நிற்குமா என்று பார்ப்பவள்போல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தாள்.

"போதும், தங்கச்சி. ரப்பர் தேஞ்சிடும்," என்றார் மெர்வின் பாஸ்.

விஜேபால தம் துணிப்பையை எடுத்துக்கொண்டார். "பாடுபட்டுக் கண்டுபிடிச்சீங்க. புண்ணியம்," என்றார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குடை கொண்டுவந்திருக்கவில்லை. ரோட்டைக் கடந்து எதிரே பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்குப் போனார். அதன் கூரைத் தகடு எப்போதோ காற்றில் போயிருந்தது.

மோட்டாரைக் காரில் மாட்டி முடிந்ததும் லியனகே மேசையருகே வந்தார். ரப்பர் சுற்றிய கம்பி மோட்டார் இருந்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்து, கையில் எடை பார்த்து, போய்க் காரின் டிரைவர் பக்கக் கதவுப் பையில் செருகினார்.

"இது இதிலேயே கெடக்கட்டும், தம்பி," என்றார் புது டிரைவரிடம். "இனி நிக்காது. இருந்தாலும் கெடக்கட்டும்."

"எங்க தட்டணும், சேர்?"

"இடது மூலையில. தடம் இருக்கும்."

கார் பின்னால் வந்து திரும்பி, வாசலில் நின்று, வைப்பர் போட்டது. கண்ணாடி ஒரே வீச்சில் தெளிந்தது. உள்ளே லியனகே இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டுவதுகூடத் தெரிந்தது. தில்ருக்‌ஷி நிமேஷாவிடம் திருப்பிக் கொடுக்கவேண்டிய டிரையரைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கார் பஸ் ஹோல்ட்டைக் கடந்தபோது விஜேபாலவின் தலை அந்த வைப்பரின் வீச்சோடு ஒரு தரம் அந்தப் பக்கமும் ஒரு தரம் இந்தப் பக்கமும் அசைந்தது. ஓட்டத்தில் ஒரு தடங்கலும் இல்லை. பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கம்பெனிச் சட்டையின் நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தார். மழை மறுபடி கண்ணாடியை மூடியது. மறுபடி கழற்றினார்.